கடல் தண்ணியைக் கடலில்தானே சார் விடுறோம்?

போன மாதம் சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு மொத்தச் சரக்குக் கப்பலுக்குப் போயிருந்தேன். கிழக்குக் கரையில் ஓர் ஆற்றுமுகத் துறைமுகத்தில் நிலக்கரியை இறக்கிவிட்டு, காலி வயிற்றோடு ஆஸ்திரேலியா கிளம்பிய கப்பல். பங்கர் எனும் எரிபொருள் எடுக்கவும் ஆள் மாற்றவும் இங்கே ஒன்றரை நாள் நின்றது. காலிக் கப்பல் பாரத்துக்காக ஏற்றிக்கொள்ளும் பாலஸ்ட் தண்ணீர் விஷயத்தில் ஆஸ்திரேலியாக்காரன் கறார் என்பதால், அங்கே போய் மாட்டிக்கொள்வதற்கு முன் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று முதலாளி தரப்பில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கப்பலைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் பிழைப்பு பாதி இதுதான். அடுத்தவன் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

பாலஸ்ட் ரெக்கார்டு புக்கைத் திறந்தேன். முத்து முத்தான கையெழுத்து. துறைமுகத்தில் தண்ணீர் ஒரே கலங்கல், ஃபில்டர் அடைத்துக்கொண்டது, அதனால் தண்ணீரிலுள்ள உயிர்களைக் கொல்லும் சுத்திகரிப்புக் கருவிக்குள் விடாமல் நேராக டேங்கில் ஏற்றினோம், பிறகு ஆழ்கடலில் மாற்றிவிட்டோம் என்று எழுதியிருந்தது. 18,000 டன். மூன்று மடங்குத் தண்ணீரைத் தள்ளிக் கழுவும் முறை. எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி.

நான் கேப்டனுக்கு அடுத்த நிலையில், சீஃப் ஆபீசராக ஓடிய ஆள். 18,000 டன்னுக்கு மூன்று மடங்கு என்றால் 54,000 டன். அந்தக் கப்பலில் இருந்த இரண்டு பம்பும் சேர்ந்து மணிக்கு 1,600 டன் தள்ளும், அதுவும் புதிதாக இருந்தபோது. கிட்டத்தட்ட 34 மணி நேரம் வேண்டும். அடுத்து, மாற்றியதாக எழுதியிருந்த அட்சரேகை தீர்க்கரேகையைச் சார்ட்டில் வைத்துப் பார்த்தேன். கரையிலிருந்து 30 மைல்கூட இல்லை. விதி கேட்பது 200 கடல் மைல், 200 மீட்டர் ஆழம். முடியாவிட்டால் குறைந்தபட்சம் 50 கடல் மைல், அதே ஆழம்.

மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவரான போசனைக் கூப்பிட்டு, டேங்குக்குள் இறங்கும் ஒரு மேன்ஹோலைத் திறக்கச் சொன்னேன். மேல்தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, உப்பை அளக்கும் கைக்கருவியான ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். உப்பு ஆயிரத்துக்கு 9. ஆழ்கடல் தண்ணீர் 35ஐ ஒட்டி இருக்க வேண்டும். வங்காள விரிகுடா கொஞ்சம் இளகின கடல்தான், ஆனால் 9 என்பது கடலே இல்லை, ஆறு. ஏற்றிய தண்ணீர் அப்படியே இருக்கிறது.

சீஃப் ஆபீசர் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், முப்பது வயது இருக்கும். மறைக்கவெல்லாம் இல்லை. கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னான்: "கடல் தண்ணியைக் கடல்லதானே சார் விடுறோம். எண்ணெயா, கழிவா? அதுல என்ன சார் தப்பு?"

இருபது வருடமாக இதே வாக்கியத்தைக் கேட்கிறேன். கேடட் கேட்கிறான், கேப்டன் கேட்கிறார், துறைமுகத்தில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்கிறார். ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். அன்றைக்கு மேன்ஹோல் பக்கத்தில் நின்றபோதுதான், இனி இதை ஒரு தடவை எழுதித் தொலைத்துவிடலாம் என்று தோன்றியது.

காலிக் கப்பல் நெட்டி மாதிரி மிதக்கும், ப்ரொப்பெல்லர் பாதி வெளியே நிற்கும், அதனால் தண்ணீர் ஏற்றுகிறோம். அந்தக் காலத்துத் தோணியில் கல்லும் மணலும் அடிபாரமாகப் போட்டார்கள், இப்போது தண்ணீர். பாலஸ்ட் என்றால் அவ்வளவுதான், அதை விட்டுவிடுவோம். எனக்கு எரிச்சல் வருவது "கடல் தண்ணி" என்ற அந்த ஒற்றைச் சொல்லில்.

கடல் தண்ணி என்று ஒரே ஒரு தண்ணி கிடையாது. பழவேற்காட்டுக்காரரிடம் கேளுங்கள், முகத்துவாரத்துத் தண்ணிக்கும் ஏரித் தண்ணிக்கும் என்ன வித்தியாசம், மழைக்கு முன்னால் எது எங்கே இருக்கும், பின்னால் எங்கே போகும் என்று மணிக்கணக்கில் சொல்வார். கழிமுகத்தில் வாழும் சிப்பிக்கு நடுக்கடல் என்பது நமக்குப் பாலைவனம் மாதிரி. உப்பு ஒத்துக்கொள்ளாது, தின்ன ஒன்றும் கிடைக்காது, ஒட்டிக்கொள்ள இடமும் இல்லை. அதன் குஞ்சு சில வாரம் மிதந்து திரியும், அதற்குள் ஒட்ட இடம் கிடைக்காவிட்டால் செத்துவிடும். பிரேசிலின் காயலில் பிறந்த சிப்பி தானாக நீந்தி எண்ணூருக்கு வரவே முடியாது. லட்சக்கணக்கான வருடமாக வரவும் இல்லை. நடுவில் இருந்த அந்த உப்புப் பாலைவனம்தான் ஒரு கழிமுகத்தை இன்னொரு கழிமுகத்திடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நாம் என்ன செய்கிறோம்? அந்தக் கழிமுகத்துத் தண்ணீரையே அதற்குப் பிடித்த உப்போடு, அடியில் படியும் சேற்றோடு அள்ளி, வெயில் படாத டேங்கில் வைத்துப் பத்திருபது நாளில் இன்னொரு கழிமுகத்தில் கொண்டுபோய் இறக்குகிறோம். பல்லக்கு வைத்து அழைத்து வருவது என்பார்களே, அதுதான். ஆழ்கடலில் தண்ணீரை மாற்றச் சொல்வதன் காரணமும் இதுவே. கழிமுகத்து உயிர் நடுக்கடலில் விழுந்தால் பிழைக்காது. நடுக்கடல் உயிர் கழிமுகத்தில் விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்காது. இரண்டு பக்கமும் பூட்டு. 30 மைலில் நின்று மாற்றினால், அல்லது மாற்றியதாக எழுதினால், பூட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சாவியை மட்டும் பத்திரமாக வைத்திருப்பதாக அர்த்தம்.

இன்னும் புரியாவிட்டால் சீமைக் கருவேலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "மண்ணில் வளர்கிற மரத்தை மண்ணில்தானே வைத்தோம்" என்று யாராவது இன்றைக்குச் சொன்னால் ராமநாதபுரத்துக்காரர் என்ன பதில் சொல்வார்?

அடுத்து, "தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு சார்" என்பார்கள். இருக்கும். நாம் தேடுவது மெல்லிய தலைமுடித் தடிமன் அளவிலான உயிர்களை. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதும் உயிர் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. சர்வதேச விதிப்படி, 50 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள உயிருள்ள ஜீவராசிகள் ஒரு கன மீட்டருக்கு 10க்குக் குறைவாக இருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் என்றால் மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க். 10 முதல் 50 மைக்ரான் வரை உள்ளவை ஒரு மில்லி லிட்டருக்கு 10க்குக் குறைவாக. காலரா கிருமி, ஈ.கோலை, குடல் எண்டரோகாக்கை மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. காலராவை ஏன் சேர்த்தார்கள் என்று கேட்டால், தென் அமெரிக்காவில் காலரா பரவிய 1991ஐ ஒட்டி அமெரிக்காவின் மொபைல் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பாலஸ்ட் தண்ணீரில் அதே கிருமியைக் கண்டார்கள்.

கணக்குப் போட்டால், 18,000 கன மீட்டர் டேங்கில் சட்டப்படி சுத்தம் என்று சொல்லும் தண்ணீரிலேயே பெரிய ரக உயிர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் இருக்கலாம். இந்த வரம்பை எட்டுவதற்கே உலகம் படாதபாடு பட்டது. இதையும் ஏமாற்றினால் எப்படி?

உலகம் பட்ட பாடு என்று சும்மா சொல்லவில்லை. 1988இல் அமெரிக்க, கனடா எல்லையில், பேரேரிகளுக்கு நடுவிலுள்ள செயிண்ட் கிளேர் ஏரியில் வரிக்குதிரைச் சிப்பியைப் பார்த்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல் பாலஸ்டில் வந்தது. நகத்தளவுதான். அடுத்த வருட டிசம்பரில், மிச்சிகன் மாநிலத்து மன்ரோ நகரின் குடிநீர்க் குழாய்வாயில் அந்தச் சிப்பியும் பனியும் சேர்ந்து அடைத்துக்கொண்டு, ஊருக்கே தண்ணீர் நின்றது. 1990இல் அமெரிக்கா சட்டம் போட்டது. 1993 முதல் அந்தப் பேரேரிகளுக்கு வரும் கப்பல் நடுக்கடலில் தண்ணீரை மாற்றியே தீர வேண்டும் என்றாயிற்று. அப்படியும் புதுப்புது உயிர்கள் வந்துகொண்டே இருந்தன. ஏன்? சரக்கோடு வரும் கப்பலில் பாலஸ்ட் "இல்லை" என்று எழுதுவார்கள். டேங்க் காலிதான், ஆனால் அடியில் சேறும் உறிஞ்ச முடியாத மிச்சத் தண்ணீரும் இருக்கும். அந்தக் காலி டேங்கையும் உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும் என்று கனடா 2006இலும், கடலிலிருந்து அந்த ஏரிகளுக்குப் போகும் செயிண்ட் லாரன்ஸ் நீர்வழியின் அமெரிக்கத் தரப்பு 2008இலும் சொல்லின. ஆய்வாளர் கையில் என் கையில் இருப்பது போன்றே ஒரு ரிஃப்ராக்டோமீட்டர். 30க்குக் கீழே காட்டினால் அந்தத் தண்ணீரை ஏரியில் விட முடியாது. அதற்கப்புறம்தான் வரத்து வெகுவாகக் குறைந்தது. அரசு உறுதியாக நின்றால் நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நம் கதைக்கு வருவோம். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2000இல் பாலஸ்ட் நீருக்காக ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. உலகம் முழுக்க ஆறு துறைமுகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் மும்பை ஒன்று. ஆக, முதல் பந்தியிலேயே இலை போட்டு உட்கார்ந்தவர்கள் நாம். 2004 பிப்ரவரியில் பாலஸ்ட் தண்ணீருக்கான பன்னாட்டு உடன்படிக்கை தயாரானது. 2015இல் மத்திய அமைச்சரவை அதில் சேர ஒப்புதல் கொடுத்தது. 2017 செப்டம்பர் 8ஆம் தேதி உடன்படிக்கை அமலுக்கு வந்தது. ஏழு வருட அவகாசம் முடிந்து 2024 செப்டம்பர் 8 முதல் எல்லாக் கப்பலும் மேலே சொன்ன உயிர் எண்ணிக்கை வரம்புக்குள் வர வேண்டும், வெறுமனே நடுக்கடலில் மாற்றினேன் என்பது போதாது என்றாயிற்று. 2024 இறுதியிலும் நாம் உறுப்பினர் பட்டியலில் இல்லை.

இதன் விளைவு விசித்திரமானது. உறுப்பினரல்லாத நாட்டுக் கொடியோடு போனாலும் உறுப்பு நாட்டில் சலுகை கிடையாது. அதனால் சிங்கப்பூருக்கோ ராட்டர்டாமுக்கோ போகும் இந்தியக் கப்பல் கருவி, சான்றிதழ், ரெக்கார்டு புக் எல்லாம் சுத்தமாக வைத்திருக்கும். அதே கப்பல் வீட்டுக்கு வரும்போது அந்த உடன்படிக்கையின் பேரில் கேட்க ஆளில்லை. அடுத்தவன் வீட்டு வாசலில் காலைக் கழுவிக்கொண்டு போகிறோம், நம் வீட்டுக்குள் சேற்றுக்காலோடு நுழைகிறோம்.

எண்ணூரில் காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் சிப்பி இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். சொந்த ஊர் தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரைகள். 2014இல் மணிலாவில் தென்பட்டது, 2016இல் சிங்கப்பூரின் ஜோகூர் நீரிணையில். அப்புறம் கேரளத்தின் அஷ்டமுடிக் காயல், நம் பக்கம் எண்ணூர், பழவேற்காடு. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் பாய் விரித்தது போலப் படர்ந்து கிடக்கிறது. இறால் புதைய மண் வேண்டும், அந்த மண்ணையே இது மூடிவிடுகிறது. தண்ணீருக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்தவர்களுக்கு இப்போது விரலில் படுவது ஓட்டு விளிம்புதான். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்விட்டது.

இங்கே தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒரு குறுக்குச்சால் ஓட்ட வேண்டியிருக்கிறது. "நிலக்கரிக் கப்பல் எண்ணூரில் பாலஸ்டைக் கொட்டியதால் வந்தது" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நிலக்கரியை இறக்க வரும் கப்பல் பாலஸ்டைக் கொட்டாது, குடிக்கும். பாரம் இறங்க இறங்கத் தண்ணீர் ஏற்றிக்கொள்ளும். கொட்டுவது சரக்கு ஏற்ற வரும் கப்பல். தவிர, சிப்பி கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டும் வரும். காக்கா ஆழி எந்த வழியாக வந்தது, எந்தத் துறைமுகத்தில் முதலில் இறங்கியது என்று கையைப் பிடித்துக் காட்டுகிற நிலையில் யாரும் இல்லை. இதைச் சொன்னால் கப்பல்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பார்கள். நான் சொல்ல வருவது அதைவிட மோசமான சேதி.

எண்ணூர்த் துறைமுகம் 2001இல் தொடங்கியதே அனல்மின் நிலைய நிலக்கரிக்காகத்தான். அந்த நிலக்கரியில் பெரும்பங்கு பாரதீப் போன்ற நம் சொந்தத் துறைமுகங்களிலிருந்தே வருகிறது. பாரதீப்பில் ஏற்றி, எண்ணூரில் இறக்கி, எண்ணூர்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு திரும்பவும் பாரதீப்புக்குப் போய் அங்கே கொட்டிவிட்டு அடுத்த சுமை. வருடம் முழுக்க. மூன்று நாளுக்குள் முடியும் ஓட்டம். டேங்கில் ஏறிய குஞ்சுக்குப் பசிக்கக்கூட நேரமிருக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒன்று எண்ணூரில் இன்றைக்கு நிலையாகிவிட்டது என்றால், நாளைக்கு மகாநதிக் கழிமுகத்துக்கு அதைக் கொண்டுபோகப் போவது பனாமாக் கொடி கட்டிய கப்பல் இல்லை, நம் கொடி கட்டிய கப்பல்.

இதற்கு உடன்படிக்கையிலும் நேரடி மருந்து இல்லை. ஒரே நாட்டின் எல்லைக்குள் மட்டும் ஓடும் கப்பல்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது, அந்த நாடே வேண்டும் என்று முடிவு செய்தால்தான் உண்டு. கனடா 2021இல் போட்ட புது விதியில், ஏரிக்குள்ளேயே ஓடும் கப்பல்களையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்கக் கப்பல் முதலாளிகள் சண்டைக்கே போனார்கள். அந்த முடிவைத்தான் நம் அரசிடம் எதிர்பார்க்கிறேன். உடன்படிக்கையில் சேர்வதோடு வேலை முடிந்துவிட்டது என்று யாரும் மாலை போட்டுக்கொள்ள வேண்டாம்.

வந்த பிறகு எடுத்துவிடலாம் என்பவர்களுக்கு: 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வினில் காக்கா ஆழியைப் போலவே ஒட்டிப் படரும் வேறொரு சிப்பி, படகு நிறுத்தும் துறைகளில் தென்பட்டது. விசாகப்பட்டினத்தில் 1960களிலேயே குடியேறி இன்றுவரை நம்மிடம் இருக்கும் அதே இனம்தான். அவர்கள் அந்தத் துறைகளை மூடி, குளோரினும் மயில்துத்தமும் கொட்டிச் சில வாரத்தில் ஒழித்தார்கள். உள்ளே இருந்த மற்ற எல்லா உயிரும் சேர்ந்தே செத்தது. அங்கே மூடுவதற்கு மதகு இருந்தது. கொசஸ்தலைக்கு எங்கே மதகு போடுவது?

கப்பலில் இருக்கும் தம்பிகளுக்குக் கொஞ்சம். செய்யாததை எழுதாதே. பம்பின் திறன், டேங்கின் அளவு, நேரம் மூன்றும் புத்தகத்திலேயே இருக்கிறது, பெருக்கத் தெரிந்த எவனும் உன்னைப் பிடித்துவிடுவான். கலங்கல் துறைமுகத்தில் கருவியை நிறுத்த வேண்டி வந்தால் நிறுத்து, ஆனால் கேப்டனிடம் சொல், கம்பெனிக்கு எழுது, அடுத்த துறைமுகத்துக்கு முன்கூட்டியே தெரிவி. ஆழ்கடலில் மாற்றி, கருவி வழியாக மறுபடி நிரப்பு. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது? கருவிக்குள் உயிர்களைக் கொல்லும் யூவி விளக்கு எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்ட மீட்டர் இருக்கிறது, அது அலங்காரத்துக்கு இல்லை. டேங்குக்குள் இறங்கும்போது சேறு கணுக்கால் அளவு நின்றால் அதை வெளியே எடுக்க ஏற்பாடு செய். அந்தச் சேற்றைத் துறைமுகத்தில் கடலில் வாரிப் போட்டால் இவ்வளவும் வீண்.

இன்னொன்று, அவசரத்தில் கப்பலைக் கவிழ்த்துவிடாதே. 2006 ஜூலையில் அலாஸ்காவுக்குத் தெற்கே கூகர் ஏஸ் என்ற கார் கப்பல், பாலஸ்ட் மாற்றும்போது 60 டிகிரி சாய்ந்து படுத்துவிட்டது. உள்ளே 4,700க்கு மேல் கார். அலை, காற்று, கப்பல் சாயாமல் நிற்குமா என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி கணக்கு, இதில் ஒன்று சரியில்லை என்றாலும் மாற்றாதே. பாதுகாப்புக்காக மாற்றவில்லை என்று உண்மையைப் பதிவு செய். அதற்கு விதியிலேயே இடமிருக்கிறது. பொய் எழுதத்தான் இடமில்லை.

துறைமுகத்துக்காரர்களே, நங்கூரத்தில் நிற்கும் கப்பலின் அடிவயிற்றைச் சுரண்டிக் குப்பையைக் கடலிலேயே விடும் ஒப்பந்தக்காரருக்கு அனுமதி கொடுக்காதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆளுக்கொன்று வாங்கிக் கொடுங்கள்.

மீனவ அண்ணன்மாரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எண்ணூர்க் கழியில் போட்ட வலையையும் படகையும் வேறு ஏரிக்குக் கொண்டுபோகும் முன் வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஒட்டியதைக் கரையில் சுரண்டுங்கள், தண்ணீரில் வேண்டாம். இதுவரை பார்க்காத சிப்பியோ நண்டோ மாட்டினால் ஒரு ஃபோட்டோ எடுத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள். புது வரவை முதலில் பார்ப்பது எப்போதும் நீங்கள்தான். நாங்கள் பத்து வருடம் கழித்துக் கருத்தரங்கில் பார்க்கிறோம்.

அந்தத் தூத்துக்குடிப் பையனை நான் திட்டித் தீர்க்கவில்லை. ரிஃப்ராக்டோமீட்டரை அவன் கையிலேயே கொடுத்து, பக்கெட்டில் கடல் தண்ணீரை இறைத்து முதலில் அதைப் பார்க்கச் சொன்னேன், பிறகு டேங்குத் தண்ணீரை. இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தான். ரெக்கார்டு புக்கில் தவறான பதிவை ஒற்றைக் கோட்டால் அடித்து, உண்மையை எழுதி, கேப்டனும் அவனும் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனிக்கு என் அறிக்கை போனது. அவர்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்காது.

ஆறு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. நடுக்கடல், நாலாயிரம் மீட்டர் ஆழம், கடல் அமைதி. "மாத்த ஆரம்பிச்சுட்டோம் சார். பம்ப் ரெண்டும் பழசு, முப்பத்தெட்டு மணி நேரம் ஆகும்போல."

ஆகட்டும், ஒவ்வொரு டேங்கையும் முடிந்ததும் உப்புப் பார்த்து எழுது என்று பதில் போட்டேன்.